கடவுள் செயலா? கம்பெனி செயலா?

சோழபுரத்திலோ இராஜபாளையத்திலோ ஒரு வருஷம் கண்மாய் வறண்டால் அதற்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் "கடவுள் செயல்". மறு வருஷம் கண்மாய் உடைந்து பயிர் அழுகினாலும் அதே பெயர்தான். குடியானவன்தான் இப்படியென்றால், சர்க்காரும் அவனுக்கு இளைத்ததல்ல. 2019-ம் வருஷம் மழை வேண்டிக் கோவில்களில் யாகம் நடத்தும்படி அறநிலையத் துறையே உத்தரவு போட்டது. யாகத்தால் மழை வருவது மெய்யானால், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழைக்கு எந்த யாகக்காரர் ஜவாப்தாரி?

இந்தக் கடவுள் சட்டப் புத்தகத்திலும் ஒளிந்திருக்கின்றார். நஷ்டம் செய்தவன் "தெய்வச் செயல்" என்று சொல்லித் தப்ப இங்கிலீஷ் சட்டம் இடங்கொடுத்தது. 1985-ல் டில்லி ஸ்ரீராம் ஆலையில் விஷவாயு கசிந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் அந்தக் கதவை அடைத்தது. அபாயமான தொழில் நடத்துகின்றவன் எந்தச் சாக்கும் சொல்லாமல் ஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. ஆனால் அது ஓர் ஆலையின் கசிவைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாய் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஆகாயத்தில் ஏற்றிய புகைக்கு யார் ஈடு கொடுப்பது? கரியமில வாயு பெருகினால் பூமி சூடேறும். ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும்; கொட்டும்போது மொத்தமாய்க் கொட்டும். இது ஜோசியமல்ல. எக்ஸான் எண்ணெய்க் கம்பெனிக்கு அதன் சொந்த விஞ்ஞானியே 1977-ல் பூமி சூடேறுவதைப் பற்றி எச்சரித்திருக்கின்றார்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணம் 2024 மே மாதத்தில் ஒரு சட்டம் செய்தது. 1995 முதல் நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட புகைக்குக் காரணமான கம்பெனிகள், அதனால் மாகாணத்துக்கு ஏற்பட்ட செலவில் தங்கள் பங்கைக் கட்ட வேண்டுமென்பது அதன் சாரம். அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க்கும் 25 வருஷத்தில் 7,500 கோடி டாலர் வசூலிக்கச் சட்டம் செய்தது. 2025 மே மாதம் அமெரிக்க மத்திய சர்க்கார் இரு மாகாணங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. முதலாளிக்கு முள் குத்தினால் சர்க்காருக்குக் கண்ணீர் வருவது எங்கும் உள்ளதுதானே!

"நாமும் விளக்கு எரித்தோமே, நூல் ஆலை ஓட்டினோமே" என்று சிலர் கேட்கலாம். விளக்கு எரித்தவன் வெளிச்சம் பெற்றான், ஆலைக்காரன் லாபம் பெற்றான். பயிர் போனவன் எதைப் பெற்றான்? வெள்ள நிவாரணமென்று அவனுக்குக் கொடுப்பதோ ஜனங்களின் வரிப்பணம். புகைவிட்டவன் பையிலிருந்து அதில் ஒரு காசும் இல்லை.

ஆகவே நமது சட்டசபையும் இப்படியொரு மசோதா கொண்டுவர வேண்டுமென்கின்றோம். தூத்துக்குடியில் 1979 முதல் நிலக்கரி எரித்து மின்சாரம் செய்வது சர்க்கார் ஸ்தாபனமே. அதற்கும் விலக்குக் கூடாது.