பெட்டகத்துக் கைத்தறிச் சீலை

சென்ற வாரம் எம் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வழக்காளி எம் மகள். எதிராளி அவளுடைய அப்பம்மா. கல்லூரி விழாவொன்றுக்கு உடுத்திச் செல்ல, பெட்டகத்தின் அடியிலே கிடந்த பழைய கைத்தறிச் சீலைதான் வேண்டுமென்று நின்றாள் மகள்.

"அது இல்லாத காலத்திலே உடுத்த சீலை, பிள்ளை. வெள்ளவத்தைக்குப் போய் நல்லதாக ஒன்று எடு" என்றார் எம் தாயார்.

"இதுதான் அப்பம்மா நல்லது. இப்படியொன்றைக் கடையிலே கேட்டால், அப்பா விலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவார்."

தாயார் திகைத்துப்போனார். அவர் திகைத்ததில் நியாயமுண்டு. 1970 முதல் 1977 வரை இந்நாட்டிலே இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பிறநாட்டுத் துணி கிடைப்பது அரிது. கைத்தறியை உடுத்தியவர்களிற் பலர் வேறு வழியின்றியே உடுத்தினர். 1977இல் வாயில் திறக்கப்பட்டதும் வெளிநாட்டுத் துணிகள் கடைகளை நிறைத்தன. தறிகள் பல ஓய்ந்தன. தாயாரின் சீலையும் பெட்டகத்தின் அடிக்குப் போயிற்று.

ஆயினும் அந்தப் பெருவெள்ளத்திலும் அடிபட்டுப் போகாத கைத்தறி ஒன்று கொழும்பிலேயே உண்டு. அதுவே கொள்ளுப்பிட்டி, காலி வீதியிலுள்ள 'பெயார்ஃபுட்'. வெறுங்கால் என்பது அப்பெயரின் பொருள். அதன் பிறப்பு ஓர் அறப்பணியிலே நிகழ்ந்தது. கொட்டாஞ்சேனை வாசகர்கள் நல்லாயன் சபைக் கன்னியரை நன்கு அறிவர். வறிய பெண்களுக்குப் பிழைப்புத் தேடிக் கொடுப்பதற்காக அச்சபையினர் நெசவு கற்பித்து வந்தனர். அந்நெசவுக்கு வண்ணமும் வடிவமும் வகுத்துத் தருமாறு, 1928இல் கண்டியிற் பிறந்து இலண்டனில் ஓவியம் பயின்று வந்திருந்த பாபரா சன்சோனி அம்மையாரை அவர்கள் வேண்டினர். அவ்வேண்டுகோளை ஏற்று அம்மையார் தொடங்கிய பணியே 1964இல் 'பெயார்ஃபுட்' நிறுவனமாக உருப்பெற்றது. அவர் 2022இல் மறையும்போது அப்பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டிருந்தது.

அம்மையார் செய்த புதுமை யாது? தறியை அவர் மாற்றவில்லை. நெய்யும் கைகளையும் மாற்றவில்லை. நூலின் நிறத்தையே மாற்றினார். கைத்தறித் துணியிலே வண்ணம் மேலே அச்சிடப்படுவதன்று. சாயம் தோய்த்த நூலே வண்ணமாகிறது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் மற்றொரு நிறமென்றால், இரண்டும் கூடுமிடத்தே மூன்றாவது நிறமொன்று தோன்றும். ஆகவே நெசவாளி நாடாவை எறியுமுன்னரே ஓவியன் தன் வேலையை முடித்திருத்தல் வேண்டும். நீலத்தின் அருகே பச்சையும், செம்மையின் அருகே கருஞ்சிவப்பும் வைக்க அஞ்சுவோர் நடுவிலே அம்மையார் அஞ்சாமல் வைத்தார். கடலும் வயலும் இந்நாட்டு வெயிலும் அத்துணிகளிலே வந்து அமர்ந்தன.

சரிகையில்லை, பட்டில்லை. தளர்ந்த பருத்திச் சட்டை, சாரம், நீள்பாவாடை என வீட்டிலும் வீதியிலும் உடுத்தக்கூடிய எளிய உடைகளே. எனினும் விலை எளியதன்று. எளிமையே இங்கு செல்வர் விரும்பும் சிறப்பாயிற்று. இதனை நாகரிகத்தின் விந்தை என்று நகைத்துவிடலாம். ஆனால் அவ்விலையினுள்ளே பெண்ணொருத்தியின் கைவேலை பல நாள் அடங்கியிருக்கிறது என்பதை மறத்தல் ஆகாது.

வெள்ளவத்தையிலும் ஒரு நெசவு வரலாறு உண்டு. 1933இல் நடந்த வேலைநிறுத்தத்தால் நாடறிந்த நூல் நூற்பு, நெசவு ஆலை அங்கேதான் இருந்தது. அது மறைந்து, அந்நிலத்திலே இன்று 'ஹவ்லொக் சிட்டி' மாடிமனைகள் வானளாவி நிற்கின்றன. பேராலையின் ஓசை அடங்கிவிட, கைத்தறியின் ஓசை கேட்டுக்கொண்டிருக்கிறது. மலிவிலே பிறநாட்டு ஆலைகளோடு போட்டியிடுவது நம்மவர்க்குக் கடினம். பிறரிடம் இல்லாத ஒன்றைத் தருவோர்க்கோ அப்போட்டியே இல்லை.

இங்குதான் நம் உள்ளத்தை ஒன்று உறுத்துகிறது. கிழக்கிலே மருதமுனை தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் ஊர். 1978இன் சூறாவளியையும் 2004இன் சுனாமியையும் கண்டபின்னும் அங்கே தறி ஓய்ந்துவிடவில்லை. அவ்வூர்க் கைகளின் திறமை எவர்க்கும் குறைந்ததன்று. ஆயினும் அத்துணியைக் கையிலெடுக்கும்போது நம்மிற் பலர் முதலிற் கேட்பது, "இன்னும் கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்பதே. பளிங்குக் கடையிலே வாய்திறவாமற் கொடுக்கும் நாம், நெசவாளியின் முன்னே மட்டும் பேரத்தில் வல்லவராகிறோம். அங்கேயும் ஓவியம் கற்ற நம் பிள்ளைகள் சிலர் சென்று நெசவாளியின் அருகே அமர்வாராயின், இன்னொரு பெயர் எழுதல் அரிதோ?

வழக்கு முடிந்தது. தாயாரே சீலையை உதறி, மடிப்பு எடுத்து, பேத்திக்கு உடுத்திவிட்டார். விழாவிலிருந்து திரும்பியவள், "எல்லாரும் இதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள், அப்பம்மா. யார் நெய்தது?" என்றாள்.

தாயார் நெடுநேரம் நினைத்துப் பார்த்தார். "அப்போது நாங்கள் அதைக் கேட்கவில்லையே, பிள்ளை" என்றார்.

அடுத்தமுறை கைத்தறி வாங்கும்போது நாமேனும் கேட்போமாக.