பள்ளி திறந்ததும் முதல் வாரம்: பாடத்தை ஆரம்பிக்காமல் இருந்தால்தான் என்ன?

ஜூன் வந்தாலே இன்ஸ்டாகிராமில் ஒரு சீசன் தொடங்கிவிடும். தெர்மாகோல் பூக்கள், கிளிட்டர் பேனாவில் எழுதிய வரவேற்புப் பலகை, கதவில் கார்ட்டூன், பின்னணியில் இளையராஜா. டீச்சர்கள் போடும் ரீல்ஸ். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, லைக்கும் குவிகிறது. ஆனால், ஆறாம் வகுப்புக்கு வந்தும் நான்கு வரியைத் தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், அந்தச் சுவர் அவனுக்கு என்ன செய்யும்?

ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியருக்கு முதலில் வேண்டியது அலங்காரம் இல்லை, பாடத்திட்டம்கூட இல்லை. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்கிற கணக்குதான். இது தெரியாமல் முதல் நாளே முதல் பாடத்தை எடுத்தால், வகுப்பில் ஒரு பகுதி பிள்ளைகள் அன்றே கழன்றுவிடுவார்கள். சத்தம் போடாமல் கழல்வதால் நமக்குத் தெரியாது. காலாண்டுத் தேர்வு வரும்போதுதான் தெரியும்.

கண்டுபிடிப்பது கஷ்டமா? இல்லை. 'அசர்' ஆய்வில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் வாசிப்புத் தாள் ஒரே ஒரு பக்கம்தான். எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தமிழிலும் இந்தத் தாள் இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் பழைய பாடப்புத்தகத்தை வைத்து நாமே தயாரித்துவிடலாம். தலைக்கு 5 நிமிடம் வைத்தாலும் 40 பிள்ளைகளுக்கு 200 நிமிடம். 45 நிமிடப் பீரியட் என்றால் ஐந்து பீரியட். ஒரு வருடத்தில் ஐந்து பீரியட் பெரிய செலவா, சொல்லுங்கள்.

ஒரு நிபந்தனை மட்டும். எல்லார் முன்னாடியும் எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொல்லக் கூடாது. அது பரிசோதனை இல்லை, அவமானம்.

தமிழக அரசுக்கும் இது புதுசு இல்லை. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அடுத்த ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்ப்பதே அதன் அடிப்படை. 2025இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 'திறன்' வந்தது. யோசனை சரி. ஆனால், மதிப்பீட்டைச் செய்வதைவிட அதைப் போனில் பதிவேற்றுவது பெரிய வேலையாகிவிட்டது என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. டேட்டா மேலே போகிறது. அதை வைத்து நாளைக்கு வகுப்பில் என்ன மாற்றுவது என்பதும் கீழே இறங்கி வர வேண்டும் இல்லையா?

சரி, நிலை தெரிந்துவிட்டது. கையில் என்ன கொடுப்பது? இங்கேதான் நல்ல செய்தி. காசு இல்லாமல் கிடைப்பவையே ஏராளம். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் பதிவிறக்கலாம், பிரிண்ட் எடுத்து வகுப்பில் கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அரசுப் பள்ளி என்றால் 'வாசிப்பு இயக்கம்' புத்தகங்கள் ஏற்கெனவே வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வகை, எல்லாம் மெல்லிசான புத்தகங்கள். பீரோவில் பூட்டி வைத்திருந்தால் தயவுசெய்து வெளியே எடுங்கள். கிழிந்தால் கிழியட்டும். மேல் வகுப்புகளுக்கு 'மணற்கேணி' செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன. பாடப்புத்தக க்யூஆர் கோடும் உண்டு, நெட் கிடைக்கிற ஊராக இருந்தால்.

எனக்கு மிகவும் பிடித்தது இவை எதுவும் இல்லை. சைக்கிள் வால்வ் டியூபும் தீக்குச்சியும். ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யக் கிளம்பிய அர்விந்த் குப்தா பரப்பிய விளையாட்டு இது. தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, சின்னச் சின்னதாக வெட்டிய டியூபின் இரண்டு முனையிலும் குச்சியைச் செருக வேண்டும். மூன்று குச்சி, மூன்று துண்டு: முக்கோணம். அழுத்திப் பாருங்கள், அசையாது. நான்கு வைத்துச் சதுரம் செய்தால் தொட்டதும் சரிந்து சாய்சதுரம் ஆகிவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும். இதற்குப் பிறகு ஜன்னல் வழியாக மின்கோபுரத்தைக் காட்டி "அதில் ஏன் இத்தனை முக்கோணம்?" என்று கேளுங்கள். வகுப்பில் பேசவே பேசாத பிள்ளையும் பதில் சொல்லும். எழுதப் படிக்கத் திணறுகிற பிள்ளை, கையால் செய்வதில் முதலாவதாக வருவதை இதில் பார்க்கலாம்.

இன்னொன்று, பல தொடக்கப் பள்ளிகளில் சுவரின் கீழ்ப் பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை இருக்கும். செயல்வழிக் கற்றல் காலத்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன திட்டம் அது. அந்தப் பலகையில் சார்ட்டை ஒட்டி மறைக்காதீர்கள். பிள்ளை தானே எழுதி, தானே அழிக்கிற இடம் வகுப்பில் வேறு எங்கே இருக்கிறது?

உட்காரவைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' மலையாளப் படம் வந்த பிறகு, 'ப' வடிவ இருக்கை 2025 ஜூலையில் இங்கேயும் பேச்சானது. கடைசி பெஞ்ச் என்பதே இருக்காது என்றார்கள். கழுத்து வலிக்கும், போர்டு சரியாகத் தெரியாது என்று எதிர்ப்பும் வந்தது. 20 பேர் வகுப்புக்கு 'ப' சரி. 45 பேர் நெருக்கி உட்காரும் அறையில் அந்த எழுத்தை வரையவே இடம் இருக்காது. அங்கே வாரம் ஒரு முறை வரிசையை முன்னும் பின்னும் மாற்றினாலே போதும். பழைய வழிதான், ஆனால் வேலை செய்யும்.

ஐந்து செக்‌ஷனுக்குப் போகும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு 200 பெயர் மனப்பாடம் ஆவதற்குள் தீபாவளி வந்துவிடும். முதல் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயரையும் 'இந்தப் பாடத்தில் எனக்குப் பயம் எது' என்பதையும் எழுதி வாங்கலாம். யார் எழுதத் திணறுகிறார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் எப்போது செய்வது என்று டீச்சர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். ஜூனில்தான் அட்மிஷன், மாற்றுச் சான்றிதழ், புத்தகம், சீருடை, பஸ் பாஸ், ஆதார், எமிஸ் பதிவு எல்லாம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பள்ளியே ஓராசிரியர் பள்ளிதான். முதல் இரண்டு வாரம் எந்தப் பதிவேற்றமும் கேட்கக் கூடாது என்று கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பணமும் இருக்கிறது. சமக்ர சிக்ஷாவில் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மிச்சத்தில்தான் சாக்பீஸ் முதல் பழுதுபார்ப்பு வரை. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கட்டுரை. ஆனால், மானியம் தாமதமானால் சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் டீச்சர்கள் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். பெற்றோர்கள் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேட்கலாம்: இந்த வருட மானியம் வந்துவிட்டதா, என் பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறது?