சிகிச்சை இலவசம், பஸ் கட்டணம் யார் பொறுப்பு?

நம் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவன் சென்ற ஆண்டு பல நாள்கள் பாடத்திற்கு வரவில்லை. விசாரித்தோம். அவனுடைய உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, மதுரையில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கையில், அதனைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். மருத்துவமனையில் அவரிடம் யாரும் பணம் கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் கொடுக்கத்தான் கையில் காசில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கதிர்வீச்சு ஒரே நாளில் முடிவதன்று. பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாள்கள் வீதம் சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்கப்படுவது. இடையில் நிறுத்தினால் அதுவரை பெற்றதன் பலனும் குறையும். நம் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து மதுரை, ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கேயே தங்குவதென்றால் அறை வாடகை, இருவருக்குச் சாப்பாடு. துணைக்குப் போகும் கணவருக்கு அன்றாடக் கூலி கிடையாது. இவை எதுவும் காப்பீட்டு அட்டையில் வராது.

இதே மஹல்லாவில்தான் ரமளான் கடைசிப் பத்தில் ஜகாத் பெற நீண்ட வரிசை நிற்கிறது. ஆளுக்கு இருநூறு ரூபாய், அல்லது ஒரு சேலை. அந்த வரிசையை ஒழுங்குபடுத்தி நின்றவர்களில் நாமும் ஒருவர். ஆதலால் பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. எனினும் அந்த இருநூறு ரூபாயால் எவருடைய வறுமை நீங்கியது?

அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. வறியவரும் தேவையுடையோரும் அதில் முதலில் வருகின்றனர். கடன்பட்டோர் இருக்கின்றனர், நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வைத்தியம் பார்த்த குடும்பம் எதில் அடங்கும்? வழிப்போக்கரும் இருக்கின்றார், அயலூரில் கைப்பணம் தீர்ந்து நிற்பவர் அதில் அடங்கக்கூடும். ஒரே நோயாளி இரண்டு மூன்று வகைகளில் தகுதி பெற்று நிற்க, நம் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. அவர் வரிசையில் வந்து நிற்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு சட்டக் குறிப்பு: ஜகாத் பணம் பெறுபவரின் உடைமையாக வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் பொதுவான நிலைப்பாடு. ஆகவே பணத்தை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடலாம்; அல்லது அவருடைய ஒப்புதலைப் பெற்று அவர் சார்பில் வாடகையைச் செலுத்தலாம். ஸதகா நிதிக்கு இந்தக் கட்டுப்பாடில்லை.

பணம் தவிர வேறொன்றும் உண்டு. சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகையும் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மருத்துவமனைச் சான்று போதும். அதனை வாங்கித் தரவும், காப்பீட்டு அட்டைக்கான வருமானச் சான்றுக்கு மனு எழுதித் தரவும் ஜமாஅத் அலுவலகத்தில் படித்த இளைஞர் ஒருவர் உட்கார்ந்தால் போதுமானது.

அந்தத் தாயார் கட்டியை ஓராண்டுக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வெட்கம். நோயுற்றால் மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதையும், பெண் மருத்துவர் கிடைக்காத இடத்தில் தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கத்தில் அனுமதி இருப்பதையும் நாம் மிம்பரில் எத்தனை முறை சொன்னோம்? 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகவே நடக்கிறது. பெண்கள் பயானில் ஆலிமாக்கள் இதனைச் சொல்லலாம்.

அந்தத் தாயார் மீண்டும் மதுரை சென்றார். நான்கு குடும்பங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டன. விட்டுப்போன நாள்களைப் பற்றி மருத்துவர் கவலையுடன்தான் பேசினாராம். வரும் ஷஅபானில், ஜகாத் பட்டியல் எழுதும் முன்பாக, மஹல்லாவில் நீண்ட நாள் நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு நேரில் சென்று வர நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.