பற்றை வெட்டப் போகும் பிள்ளையின் காலில் என்ன இருக்கிறது?



மாரி தொடங்கிவிட்டது. இன்னும் ஓரிரு கிழமையில் பாடசாலைகளில் டெங்குச் சிரமதானம் தொடங்கும். அதற்கு முதல் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆசிரியர்களும் பெற்றாரும் பொறுமையாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், நாங்கள் படிப்பித்த ஒரு பாடசாலையில் இதேபோல ஒரு சிரமதானம். பின் மதிலோரம் பற்றை மண்டிக் கிடந்தது. பத்தாம் தரப் பையன்கள் பத்துப் பேரை அனுப்பினோம். அவர்கள் முதலில் செய்த வேலை, வெள்ளைச் சப்பாத்துகளைக் கழற்றி வகுப்பு வாசலில் வரிசையாக வைத்தது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சப்பாத்து ஊத்தையானால் உம்மா கழுவ வேண்டும். மழைக்குக் காயாவிட்டால் அடுத்த நாள் காலையில் வாசலில் மறிப்பதும் நாங்கள்தான். ஆகவே பாதிப் பேர் வெறுங்கால், மற்றவர்கள் ரப்பர் செருப்பு. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

உடைந்த ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவன் கால் வைத்தான். கடித்தது ஒரு அடி நீளம்கூட இல்லாத சுருட்டை விரியன்.

வைத்தியசாலையில் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் ஆறுதல். அவனுடைய இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தான், அல்ஹம்துலில்லாஹ். அவனுடைய உம்மா எங்களை ஏசவில்லை. "சப்பாத்து ஊத்தையாகும் எண்டுதானே கழட்டினவன், சேர்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

இது எங்கள் மதிலோரத்துக் கதை மட்டுமல்ல. இலங்கை முழுவதும் 2012-2013இல் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பின்படி, ஒரு வருடத்தில் பாம்புக்கடி சுமார் 80,000. அதில் விஷம் ஏறியது 30,000 பேருக்கு. இறந்தவர்கள் 400க்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலின் பெயரே போதும், கடிபடுகிறவர்கள் யார் என்று விளங்கும். வயலில் நிற்பவர், தோட்டம் கொத்துபவர், விறகு பொறுக்குபவர், அவர்களின் பிள்ளைகள்.

கடி பெரும்பாலும் விழுவது பாதத்திலும் கணுக்காலிலும். அப்படியென்றால் காலை மூடினாலே பாதி வேலை முடிந்தது. எதைக் கொண்டு மூடுவது?

தொலைபேசியில் தேடினால் அமெரிக்க வேட்டைக்காரருக்கென்று செய்த பாம்புக் காப்புச் சப்பாத்துகளும், முழங்காலுக்குக் கீழே கட்டும் தடித்த காலுறைகளும் வரும். நல்ல சாமான்கள்தான். ஆனால் பொழுதுபோக்குக்கு வேட்டைக்குப் போகிறவருடைய விலை அது. கூலிக்குக் களை பிடுங்குகிற அக்காவுக்கு யார் அதை வாங்கிக் கொடுப்பது? எங்கள் சந்தையில் கிடைக்கிற சாதாரண கம்பூட்ஸ் போதும். வாங்கும்போது மூன்று விடயம் பாருங்கள்.

முதலாவது உயரம். கெண்டைக்காலின் பாதிக்கு மேலே வர வேண்டும். இரண்டாவது ரப்பரின் தடிப்பு. கண்ணாடி விரியனின், எங்கட பக்கத்தில் புடையன் என்கிறோமே, அதன் பல் ஒன்றரை சென்ரிமீற்றர் வரை இருக்கும். கையால் நசுக்கினால் கடதாசி மாதிரி மடிகிற மலிவுச் சாமான் வேண்டாம். வெயிலில் கிடந்து வெடித்ததும் வேண்டாம். மூன்றாவது அளவு. வாப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பிள்ளை பற்றைக்குள் ஓட முடியாது, தடக்கி விழும்.

மேலே சாரமும் அரைக்காற்சட்டையும் வேண்டாம். பழைய ஜீன்ஸ் ஒன்றைத் தொளதொளவென்று சப்பாத்துக்கு வெளியே விடுங்கள். 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், உப்புநீர் நிரப்பிய கையுறைகளைக் கால் மாதிரிப் பாவித்து, ராட்டில் பாம்புகளைக் கொத்த விட்டார்கள். மேலே டெனிம் துணி போர்த்தியிருந்தபோது உள்ளே இறங்கிய விஷம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அந்தப் பாம்பு எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிற பழைய ஜீன்ஸுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அது சொல்கிறது.

கால் மட்டும் போதாது. குப்பையைக் கையால் அள்ள விடாதீர்கள், குப்பைவாரி கொடுங்கள். கல்லையும் ஓட்டையும் தடியால் புரட்டிப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். சப்பாத்தைப் போட முன் கவிழ்த்துத் தட்டுங்கள். இருட்டினால் டோர்ச் இல்லாமல் முற்றத்தில்கூட இறங்காதீர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டு விரியனுக்குச் சப்பாத்து உதவாது. அது பெரும்பாலும் இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. அதற்குக் கட்டிலும், ஓரம் செருகிய நுளம்பு வலையும்தான்.

"இந்த வெக்கைக்குள் யார் கம்பூட்ஸ் போடுவது? சேற்றில் புதையுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மியன்மாரில் நெல் விவசாயிகளுக்குக் காப்புச் சப்பாத்துகளைக் கொடுத்து, அவற்றை ஏற்றுக்கொள்கிறார்களா என்றே ஆராய்ந்தார்கள். போடாத சப்பாத்து யாரையும் காப்பாற்றாது என்பது அங்கேயும் தெரிந்திருந்தது. ஆழச் சேற்றில் அது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் வரம்பில் நடக்கும்போது, வைக்கோல் தூக்கும்போது, வளவு துப்புரவாக்கும்போது என்ன சாட்டு? 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் குடாநாட்டில் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டோம். காலில் புண்ணோடு வெள்ளத்தில் இறங்குகிறவருக்கும் இதே சப்பாத்துத்தான் காவல்.

இதில் எங்கள் சமூகத்துக்கு ஒரு அனுபவம் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பிறகு சோனகத் தெருப் பக்கம் திரும்பி வந்தபோது, வீடு நின்ற இடத்தில் மரம் நின்றது. கத்தியும் ரப்பர் செருப்புமாகத்தான் துப்புரவாக்கினோம். வலிகாமம் வடக்கில் காணி விடுபட்டு வந்த உறவுகளும் அப்படித்தான் இறங்கினார்கள். கண்ணிவெடி அகற்றுகிறவரை முகக்கவசமும் காப்புடையும் இல்லாமல் ஒருவரும் நிலத்தில் இறக்குவதில்லை. அந்த நிலத்தையே பிறகு வெட்டித் திருத்துகிறவருக்கு ஒரு சோடி சப்பாத்து வேண்டும் என்று ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை?

"எல்லாம் நசீபு" என்பார்கள் சிலர். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசக்கூடாது என்று கற்பிக்கப்பட்ட சமூகம் நாங்கள். சப்பாத்துப் போடுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. ஒவ்வொரு பாடசாலையும் அபிவிருத்திச் சங்கப் பணத்தில், வேறு வேறு அளவுகளில் பத்துச் சோடி கம்பூட்ஸும் நாலு குப்பைவாரியும் வாங்கிக் களஞ்சிய அறையில் வைக்க வேண்டும். ஒரு பரிசளிப்பு விழாவின் மாலைக்கும் பதாகைக்கும் போகிற காசு அது. அவை வரும்வரை பற்றைக்குள் எந்தப் பிள்ளையும் இறங்கக்கூடாது. முற்றம் கூட்டட்டும், யோகட் கப்பும் சிரட்டையும் பொறுக்கட்டும். பற்றையைப் பெரியவர்கள், உரிய சப்பாத்தோடு வெட்டுவோம். கடிதம் வந்தாலும் சரி, படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் சரி.

அப்படியும் கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைத் தேடித் திரியாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 1990க்கு அழைத்து, நேரே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

நாளைக்குப் பாடசாலை வாசலில் வெள்ளைச் சப்பாத்து வரிசையாக நின்றால், அதைக் கழற்றிய பிள்ளைகள் எங்கே என்று போய்ப் பாருங்கள், சேர்மாரே, ரீச்சர்மாரே. இதைப் பாடசாலைக் குழுமங்களில் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.