உயரத்துக்கு வரம்பு வைத்த ஊர்

1255ஆம் ஆண்டில், இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் ஒரு குன்றின்மேல் இருந்த சிறு நகரம் சட்டம் ஒன்று போட்டது. ஊரில் எந்தக் குடும்பமும் தன் வீட்டோடு கோபுரம் எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் அது பொது மாளிகையின் ரோன்யோசா கோபுரத்தைவிட உயரக் கூடாது. ரோன்யோசாவின் உயரம் 51 மீட்டர். அதற்குமேல் வானம் ஊருக்குச் சொந்தம், தனி ஆளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த ஊரின் பெயர் சான் ஜிமின்யானோ. அன்று அங்கே 72 கோபுரங்கள் இருந்ததாக மரபு சொல்கிறது. 1580இல் 25 எஞ்சியிருந்தன. இன்று மிஞ்சியவை பதினான்கு. இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் இங்கே வருவது, அந்தச் சட்டம் அடக்கிவைக்கப் பார்த்த கோபுரங்களைப் பார்க்கத்தான். வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கட்டுப்படுத்த முயன்றவர்களை மறந்துவிட்டுக் கட்டுக்கடங்காதவர்களின் நினைவுச் சின்னங்களை முன்னால் நிறுத்துகிறது.

இந்த ஊரை நடந்து பார்க்க அரை நாள் போதும். தெற்கே சான் ஜொவான்னி வாசலில் நுழைந்து வடக்கே சான் மத்தேயோ வாசலில் வெளியேறினால், நடுத்தரமான நடைக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. வந்தவர்களின் கண் மேலேயே இருக்கும். ஊரின் உண்மையான சாதனை எல்லாம் கீழே, கால் மட்டத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் தெருவிலிருந்தே தொடங்கலாம். இந்த இரு வாசல்களையும் இணைக்கும் தெரு, மேற்கு ஐரோப்பாவிலிருந்து ரோமுக்குப் போன யாத்திரைப் பாதையின் ஒரு துண்டு. வியா பிரான்சிஜெனா என்பது அந்தப் பாதையின் பெயர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து இங்கிலாந்து திரும்பிய கேன்டர்பரி பேராயர் சிகெரிக், தாம் தங்கிய ஊர்களைப் பட்டியல் போட்டபோது இந்த ஊரையும் அதில் சேர்த்தார். பாதை வந்ததால் சத்திரங்கள் வந்தன. சத்திரங்களால் சந்தை வந்தது. சந்தையால் கடன் கொடுப்பவர்கள் வந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 324 மீட்டர் உயரத்தில், ஆறோ துறைமுகமோ இல்லாத ஒரு குன்று பணக்கார ஊரானதற்குக் காரணம், வழிப்போக்கர்கள் அதன் நடுவே நடந்து போனதுதான்.

அந்த வழிப்போக்கர்களுக்கு விற்க அதனிடம் ஒரு சரக்கும் இருந்தது: குங்குமப்பூ. ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மலர்கள் வேண்டும். மலர்களைக் கையால் பறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று இழைகளைக் கையால் பிரித்து, நெருப்பின் வெம்மையில் உலர்த்த வேண்டும். எடை குறைவு, விலை அதிகம் என்பதால் மலைப்பாதை வணிகத்துக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் இந்த ஊர் குங்குமப்பூவைக் கடனை அடைக்கவும் பெரியவர்களுக்குப் பரிசளிக்கவும் ஏறக்குறைய நாணயமாகவே பயன்படுத்தியது. கோபுரங்களின் அடித்தளத்தில் இருப்பது இந்தப் பணம்தான்.

தெருவில் ஏறிப் போகும்போது வலப்புறம் ஒரு பழைய தேவாலயத்தின் முகப்பு மட்டும் நிற்கிறது. பின்னால் மது விற்கும் கடை. இன்னும் சற்று மேலே ஒரு வளைவு வருகிறது. அது அலங்கார வளைவு இல்லை. முதல் மதிலின் வாசல். ஊர் பெருத்ததால் 13ஆம் நூற்றாண்டில் இரண்டாவது மதில் கட்டினார்கள். பழைய வாசல் ஊருக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டது. இந்தப் பழைய வாசலுக்கும் புதிய மதிலின் வாசலுக்கும் இடையே நடக்கும் தூரம்தான் இந்த ஊர் கண்ட வளர்ச்சியின் அளவு. அதன் பிறகு மூன்றாவது மதிலுக்குத் தேவையே வரவில்லை.

வளைவைத் தாண்டினால் ஊரின் மிக அழகான வெளி. முக்கோணமாகச் சரிந்து கிடக்கும் சதுக்கம், தரையெல்லாம் சாய்வாக அடுக்கிய செங்கல், நடுவே எண்கோணப் படிமேல் ஒரு கிணற்று வாய். கீழே இருப்பது மழைநீர்த் தொட்டி. 1273இல் கட்டியது, 1346இல் பெரிதாக்கியது. கல் விளிம்பில் கயிறு அறுத்த தடங்கள் இன்னும் ஆழமாகத் தெரிகின்றன. குன்றின் உச்சியில் தண்ணீர் என்பது உயிர்ப் பிரச்சினை. அதைத் தனித்தனிக் குடும்பங்கள் தங்கள் முற்றத்துக்குள் முடக்கிவைத்துக்கொள்ள விடாமல், ஊரின் மையத்தில், எல்லோரும் வாளியோடு வந்து நிற்கும் இடத்தில் வைத்தார்கள். தொட்டியைச் சுற்றி நிற்பவை ஆர்திங்கெல்லி குடும்பத்தின் பாதி இடிந்த இரட்டைக் கோபுரங்களும், வேறு பல பெரிய வீடுகளும். எதிரிகளும் ஒரே தொட்டியில்தான் நீர் மொண்டார்கள்.

கோபுரங்கள் எப்படி இயங்கின என்பதை அறிந்தால் அவற்றின்மேல் உள்ள மயக்கம் கொஞ்சம் தெளியும். உள்ளே இடம் மிகக் குறைவு. அடிச்சுவரின் கனமே அறையைத் தின்றுவிடும். சன்னல்கள் ஒடுங்கியவை. சுவர்களில் வரிசையாகத் தெரியும் சதுரப் பொந்துகள், மர உத்திரங்களைச் செருகி வெளியே மாடங்களும் பாலங்களும் அமைக்க விட்டவை. சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து வீட்டுக்குத் தெருவில் கால் வைக்காமல் போகலாம். சண்டை வந்தால் பாலத்தை இழுத்துவிடலாம். குடியிருக்க ஏற்றவை அல்ல இவை. பயத்துக்கும் பெருமைக்கும் சம அளவில் கட்டப்பட்டவை. ஒரு குடும்பம் உயர்த்தினால் எதிர்க்குடும்பமும் உயர்த்தியாக வேண்டும். ஊர்க்கதை ஒன்றில், வெளியூர் போய்த் திரும்பிய ஒருவர் தம் கோபுரம் முன்பைவிட உயர்ந்திருப்பதைக் கண்டு, இது பிசாசின் வேலை என்கிறார். அதற்குப் பிசாசுக் கோபுரம் என்றே பெயர். சட்டத்தை மீறியவருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது.

அடுத்த சதுக்கத்தில் ஊராட்சியும் திருச்சபையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. இங்கேதான் அந்த 1255ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவு புரிகிறது. அதை எழுதியவர்கள் கோபுரமில்லாத ஏழைகள் இல்லை; ஊரவையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கோபுரக் குடும்பத்தாரே. தங்களுக்குள் போட்டி எங்கே போய் முடியும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. தங்களை நம்பாமல் இருக்கும் அளவுக்கு அவர்கள் புத்திசாலிகள். அதனால்தான் நிர்வாகத் தலைவரான பொதெஸ்தாவையும் வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு வரவழைத்தார்கள். இத்தாலிய நகராட்சிகளில் இது பரவலான வழக்கம். குறுகிய பதவிக் காலம், கூடவே அவருடைய சொந்த நீதிபதிகளும் காவலர்களும், பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை. ஊரில் உறவோ பகையோ இல்லாத ஒருவரால்தான் நியாயம் சொல்ல முடியும் என்ற கணக்கு அது.

1300ஆம் ஆண்டு மே 8 அன்று, இங்குள்ள ஊராட்சி மாளிகையின் அவைக்கூடத்தில் புளோரன்சின் தூதராக ஒருவர் பேசினார். போப்பின் பக்கம் நின்ற கெல்ஃப் கட்சி நகரங்களின் கூட்டணிக்கு ஆள் அனுப்பும்படி கேட்டார். அவர் கவிஞர் தாந்தே. இரண்டே ஆண்டுகளில் அதே கட்சியின் உட்பிளவு அவரைத் தம் ஊரிலிருந்தே துரத்தியது. திரும்பிப் போகாமலேயே இறந்தார். கூடத்துச் சுவரை நிறைத்திருக்கும் லிப்போ மெம்மியின் மரியாள் ஓவியம் 1317இல் வந்தது. அதில் மரியாளின் முன் மண்டியிட்டிருப்பவர் சியெனாவிலிருந்து வந்த பொதெஸ்தா. சம்பளத்துக்கு வந்தவருக்கும் சுவரில் இடம் உண்டு. மாளிகையையொட்டி எழுந்த 54 மீட்டர் பெருங்கோபுரம் 1311இல் முடிந்தது. ஊர் தன் வாக்கைத் தானே காப்பாற்றியது: மிக உயர்ந்தது பொதுவினுடையது.

எதிரே உள்ள பெரிய ஆலயத்தில், தாதியோ தி பார்த்தோலோ தீட்டிய இறுதித் தீர்ப்புக் காட்சியில், வட்டிக்காரன் ஒருவனின் வாயில் பேய் பொற்காசுகளைக் கழிக்கிறது. வட்டியில் வளர்ந்த ஊர் இதை ஞாயிறுதோறும் நிமிர்ந்து பார்த்தது. அதே ஆலயத்தில் 15 வயதில் 1253இல் இறந்த பீனா என்ற பெண்ணுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. நோயில் ஐந்து ஆண்டுகள் வெறும் பலகைமேல் கிடந்த அவளை ஊர் தன் புனிதராக வைத்துக்கொண்டது. கிர்லாந்தையோ தீட்டிய அவளது இறுதிச் சடங்கில் பின்னணியாக இந்த ஊரின் கோபுரங்களே நிற்கின்றன. ஓவியத்தைவிடப் பெரிய விஷயம், அவள் பெயரில் வந்த காணிக்கையில் எழுந்த மருத்துவமனை. ஏழைகளையும் யாத்திரிகர்களையும் பல நூற்றாண்டுகள் அது தாங்கியது. கிழக்கு மதிலுக்கு வெளியே, சரிவில் இறங்கினால், பத்து வளைவுகளுக்கடியில் பொது நீரூற்று. கம்பளி அலசியதும் துணி துவைத்ததும் அங்கேதான். அவ்வளவு தூரம் இறங்கிப் போகிறவர்கள் குறைவு.

இவ்வளவு அறிவோடு நடந்த ஊர் ஏன் விழுந்தது? உயரத்தைச் சட்டத்தால் அளக்க முடிந்தது. வன்மத்தை அளக்க முடியவில்லை. கெல்ஃப் பக்கம் ஆர்திங்கெல்லி, பேரரசரை ஆதரித்த கிபெல்லின் பக்கம் சல்வுச்சி குடும்பம் என்று நூறாண்டுக்கும் மேல் பகை. 1348இல் பெருங்கொள்ளை நோய் வந்தது. மக்களில் பெரும் பகுதியைக் கொண்டுபோயிற்று. மிஞ்சியவர்கள் ஒன்றுசேரவில்லை. 1352இல் ஆர்திங்கெல்லி இளைஞர் இருவர் தலை வெட்டப்பட்டார்கள். பதிலுக்குச் சல்வுச்சி வீடுகள் எரிந்தன. மறு ஆண்டே, களைத்துப்போன ஊர் தன்னைப் புளோரன்சிடம் ஒப்படைத்தது. 1199இல் தொடங்கிய தன்னாட்சி ஒன்றரை நூற்றாண்டில் முடிந்தது. புளோரன்ஸ் முதலில் செய்த வேலை, ஊரின் உச்சியில் தனக்கென ஒரு கோட்டை கட்டியது. எதிரிக்காக அல்ல, ஊரைக் கண்காணிக்க.

அதன்பின் நடந்தது பெரிய நிகழ்வு எதுவும் இல்லை, நிகழ்வின்மைதான். போக்குவரத்து பள்ளத்தாக்குக்கு இறங்கியது. பணம் புளோரன்சுக்குப் போனது. அங்கே மறுமலர்ச்சிக் காலத்துச் செல்வர்கள் பழைய கோபுரங்களை இடித்து மாளிகைகள் கட்டினார்கள். இங்கே இடிக்கவும் காசு இல்லை. ஆகவே நாம் இன்று வியந்து பார்க்கும் பாதுகாப்பை யாரும் திட்டமிடவில்லை. வறுமை செய்து கொடுத்தது. 1990இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது பட்டியலில் ஏறியது, தோற்ற ஊர் ஒன்றின் ஆறு நூற்றாண்டு இயலாமையும்தான்.

இப்போது வறுமை போய்விட்டது. அது இலவசமாகச் செய்த காவலும் போய்விட்டது. 2018 ஏப்ரலில் மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கல்லைக் காக்கத் தொடர்ந்து பணம் வேண்டும். பணம் வர விருந்தினர் வேண்டும். விருந்தினருக்காக வீடுகள் விடுதிகளாகின்றன. மதிலுக்குள் நிலையாகக் குடியிருப்போர் குறைந்துகொண்டே போகிறார்கள். வழிப்போக்கரால் செழித்த ஊர் இது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்து யாத்திரிகர் வந்து போனபோது, தொட்டியில் நீர் மொள்ளவும் நீரூற்றில் துணி துவைக்கவும் அவையில் சண்டை போடவும் ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

இங்கேதான் 1282ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஊரில் எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது என்றது அது. இடிப்பது இன்னும் அழகான ஒன்றைக் கட்டுவதற்காக என்றால் மட்டும் அனுமதி உண்டு. காப்பதற்கான சட்டம்தான், ஆனால் அதற்குள் எதிர்காலத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. தங்களைவிட நன்றாகக் கட்டக்கூடியவர்கள் நாளை இதே ஊரில் இருப்பார்கள் என்று அதை எழுதியவர்கள் நம்பினார்கள். இன்றைய மரபுப் பாதுகாப்பு விதிகளில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஒரு கல்லும் நகரக் கூடாது என்பதில் அவை காட்டும் கண்டிப்பு தேவையானதே. ஆனால் அதே கண்டிப்போடு மதிலுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், ஒரு மருத்துவர் இருக்க வேண்டும், நினைவுப் பொருள் விற்காத ஒரு மளிகைக் கடை இருக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கோபுரங்கள் தாமே நின்றுவிடும்; அவற்றைப் பார்க்க வருபவர்கள் அதற்குப் பணம் கொடுப்பார்கள். பொதுத் தொட்டியையும் மருத்துவமனையையும் அவையையும் உண்டாக்கிய பழக்கம் அப்படி நிற்காது. அதற்குக் குடியிருப்பவர்கள் வேண்டும். அவர்கள் தங்குவதற்கும் சட்டம் போடாத வரையில், இந்த ஊரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.