தட்டில் ஒரு கிழங்கு

டோக்கியோவின் நிஷி அஸாபு பகுதியில் உள்ள 'லெஃபெர்வெஸான்ஸ்' ஒரு பிரெஞ்சு உணவகம். முன்கூட்டியே இடம் பதிவு செய்து, பெரும் தொகை கொடுத்து உட்காருபவர் முன் வந்து சேரும் தட்டுகளில் ஒன்றில் இருப்பது டர்னிப். குளிர்காலத்தில் டெல்லி காய்கறிக் கடைகளில் ஷல்கம் என்ற பெயரில் குவிந்து கிடக்குமே, அதன் ஜப்பானிய உறவு.

சுமார் 4 மணி நேரம் மெதுவாக வெந்து, வெண்ணெயில் பொன்னிறமான கிழங்கு. 2010இல் உணவகத்தைத் திறந்த ஷினோபு நமாயே, காய்கறிச் சமையலுக்குப் பேர்போன மிஷேல் ப்ராஸின் ஹொக்கைடோ உணவகத்தில் தொழில் பழகியவர். மற்ற பதார்த்தங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். டர்னிப் மட்டும் ஆண்டு முழுவதும் உண்டு. செய்முறை அதேதான், மாறுவது கிழங்கு. குளிரில் இனிப்பு தூக்கல், வெயில் ஏறினால் லேசான காரம். வெளியே என்ன பருவம் என்பதை நாக்கு சொல்லிவிடும்.

உச்சப் பருவத்தை ஜப்பானியர் 'ஷுன்' என்கிறார்கள். அந்த எழுத்துக்கு 10 நாட்கள் என்றும் பொருள். முதல் வரவு 'ஹஷிரி', விடைபெறும் கட்டம் 'நகோரி'. ஒரே காய்க்கு மூன்று வயது, மூன்று ருசி.

இதில் பிரெஞ்சுக்காரர்களும் கடன்பட்டவர்கள்தான். 1970களில் பால் போக்யூஸ் போன்றோர் ஒஸாகாவில் ஷிஸுவோ ட்சுஜி நடத்திய சமையல் பள்ளிக்கு வந்து போனார்கள். சின்ன அளவு, கனமில்லாத ஸாஸ், கண்ணுக்கு அழகான தட்டு என்று புதிய பிரெஞ்சு சமையலில் ஜப்பானியச் சாயல் படிந்தது. 2007இல் வெளியான முதல் டோக்கியோ மிஷலின் வழிகாட்டி அந்நகருக்கு 191 நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்தது. பாரிஸைவிட அதிகம். 2020 டிசம்பரில் நமாயேவின் உணவகம் 3 நட்சத்திரத் தகுதி பெற்றது.

ஆனால் பருவத்தை நம்பிச் சமைப்பவருக்கு, பருவம் வந்து சேர வேண்டுமே. ஜப்பானில் இலையுதிர்காலத்தின் அடையாளம் 'ஸன்மா' மீன். அதை எழுதும்போதே இலையுதிர்காலம், வாள், மீன் என்று மூன்று எழுத்துகள். 2008இல் சுமார் 3.5 லட்சம் டன் பிடிபட்ட ஸன்மா, 2022இல் 18,000 டன்னாகச் சுருங்கியது. கடல் சூடேறியதும் நீரோட்டங்கள் மாறியதும் காரணங்களில் அடக்கம். ஜப்பானின் மொத்த மீன் உற்பத்தியே 1984இல் இருந்த சுமார் 1.28 கோடி டன்னிலிருந்து 40 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

ஏழை வீட்டு அடுப்பில் சுட்ட மீன் அது. இலையுதிர்காலம் இன்றும் வருகிறது. மீன்தான் சில ஆண்டுகளில் பெயருக்கு மட்டும் வந்துபோகிறது.