எந்த ஊரில் இருந்தால் பிழைக்கலாம்?

சென்னையிலும் பெங்களூருவிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பலரும் இப்போது ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். பொருளாதாரம் படுத்துவிட்டால், சட்டம் ஒழுங்கு கெட்டால், கடையில் அரிசியும் குழாயில் தண்ணீரும் இல்லாமல் போனால், குடும்பத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? வீண் பயம் என்று இதைத் தள்ள முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நடந்த சங்கதி இது. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசை நின்றது. அதற்கு முந்திய மாதமே வடக்கு மாகாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரைக்கு வந்து இறங்கின. போர்க்காலம் முழுவதும் ஊரைவிட்டு அசையாதவர்கள்கூட அரிசி விலை தாங்காமல் கிளம்பியதாகச் சொன்னார்கள்.

கேள்வி நியாயமானது. அதற்குச் சந்தையில் விற்கும் பதில்தான் தவறு. ‘பண்ணை நிலம், சுற்றுவேலி, ஆழ்துளைக் கிணறு, சோலார்’ என்று அரை ஏக்கர் அரை ஏக்கராகக் கூறுபோட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர் அங்கே குடியிருப்பதில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கெட்ட காலம் வந்தால் காரில் வந்து கேட்டைப் பூட்டிக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறார். கடலூரும் சிதம்பரமும் கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் பட்டதைப் பார்த்தவர்கள் இந்த நம்பிக்கையை ஏற்கமாட்டார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இரண்டு தலைமுறையாக வைத்துக் காத்த தோப்பு ஒரே காலையில் விறகாகக் கிடந்தது. சொந்த நிலம், நல்ல மண், ஆழமான போர், எல்லாம் இருந்தவர்கள்தான் அவர்கள். கம்பங்கள் விழுந்துவிட்டதால் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் தண்ணீர் இருந்தும் ஒரு குடம் மேலே வரவில்லை. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்றினார்கள். டீசலுக்கு ஊரே காசு போட்டது. அடிபம்பு பழுதில்லாமல் இருந்த தெருக்காரர்கள் மட்டும் தண்ணீருக்கு அலையவில்லை. அந்த அடிபம்பு ஊராட்சியின் சொத்து. ஒரு வாஷர் தேய்ந்தால் மாற்றிப் போட ஆள் இருந்ததால் ஓடியது. நெருக்கடியில் கைகொடுப்பது எது என்பதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது.

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுனாமியில் இந்த மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், சாமியார்பேட்டை, எம்.ஜி.ஆர். திட்டு என்று கடலோரம் நெடுகச் சாவு விழுந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் 18 கடலோரக் குப்பங்களை ஒப்பிட்டு எழுதினார்கள். காடு மட்டும் காரணமல்ல, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு என்பவைதான் முக்கியம் என்று வேறு சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதம் ஆய்விதழ்களில் நடந்தது. குடியிருப்பவருக்கு இரண்டு தரப்பும் பயன்படும். மேட்டில் இரு, கடலைவிட்டுத் தள்ளி இரு, முன்னால் காட்டை விட்டுவை. இதில் முதல் இரண்டையும் காசிருந்தால் தனியாள் வாங்கிவிடலாம். மூன்றாவதை எவரும் பட்டா போட்டு வாங்க முடியாது. பிச்சாவரம் வனத்துறையிடம் இருக்கிறது. கிள்ளையின் இருளரும் மீனவரும் அதற்குள் துடுப்புப் போட்டுப் பிழைக்கிறார்கள். அது அழிந்தால் பின்னால் இருக்கும் அத்தனை வீடும் சேர்ந்தே திறந்து கிடக்கும்.

மேடு, பள்ளம் என்பதையே நாம் மறந்துபோனோம். 2015 நவம்பரில் நெய்வேலியைச் சுற்றி ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீட்டோடு ஆட்களையும் அடித்துச் சென்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறிக் கடலூர் நகரத்தின் புறநகர்களுக்குள் புகுந்தது. கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வரும்போதெல்லாம் பெராம்பட்டும் திட்டுக்காட்டூரும் தீவாகின்றன. இத்தனைக்குப் பிறகும் வடிகாலை ஒட்டி, வாய்க்காலைத் தூர்த்து, நஞ்சையில் கிராவல் கொட்டி மனைப்பிரிவு போடுவது நிற்கவில்லை. வாங்குகிறவர் வெளியூர்க்காரர். மழைக்காலத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. சொல்ல வேண்டிய கடமை கொண்ட அலுவலகங்கள் வாய் திறப்பதில்லை.

அப்படியானால் நகரமே மேல் என்பார்கள் சிலர். மருத்துவமனை இருக்கிறது, வேலை இருக்கிறது, ராணுவமும் போலீசும் முதலில் அங்கேதான் வரும் என்பார்கள். சென்னையின் குடிநீர் எங்கிருந்து போகிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் நீரேற்று நிலையங்கள் தள்ளித் தள்ளிக் கொண்டுபோகின்றன. 2019 கோடையில் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் தரை தெரிந்தபோது வீராணம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் அந்தக் குழாய் காய்ந்துவிடும். ஏரி மட்டும் இங்கே, காட்டுமன்னார்கோயில் அருகே, கரைக்குள் இருக்கும். அதன் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. என்கிறது ஏடு, வண்டல் படிந்துகொண்டே இருக்கும் ஏரியில் தூர்வாரும் வேலையைத் தள்ளிப்போடுவது சென்னைக்காரருக்கும் சிதம்பரத்து விவசாயிக்கும் சேர்த்துச் செய்யும் துரோகம்.

2020 மே மாதம் கொரோனாவால் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டதும் கூலிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கடலூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குத்தான் திரும்பினார்கள். தொற்றும் கூட வந்தது. எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பள்ளிக்கூடங்களில் தனிமைப்படுத்தி, ரேஷன் அரிசி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய நர்சுகள் வீடு வீடாக ஏறி இறங்கி அந்தக் காலத்தைக் கடத்தினார்கள். கஷ்டத்தில் மனிதன் ஓடிவருவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊருக்கு. அந்த ஊரில் அரிசிக்கடையும் நர்சும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிதம்பரம் ஒரு சிறு பொருளாதாரச் சரிவையும் பார்த்திருக்கிறது. 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பித்தான் இந்த நகரத்தின் மெஸ்ஸும் வாடகை வீடும் ஜெராக்ஸ் கடையும் ஓடின. பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கிச் சம்பளமே கேள்விக்குறியானபோது ஊர் முழுக்கக் கடன் பாக்கி ஏறியது. 2013-இல் அரசு ஏற்று நடத்தச் சட்டம் வந்தது. மிகுதியாக இருந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் மற்ற அரசுத் துறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரே நிறுவனத்தை நம்பிய ஊர் அந்த நிறுவனத்தோடு ஆடும். பலாவை மட்டும் நம்பிய தோப்பு புயலில் ஆடியதும் இதே கணக்குத்தான். பல்கலைக்கழகம் தடுமாறிய காலத்திலும் சுற்றுக் கிராமங்களின் நெல்லும் உளுந்தும் மீனும் சந்தைக்கு வருவது நிற்கவில்லை; ஊர் தாங்கிக்கொண்டது.

எனவே நம் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம். கெட்ட காலத்துக்கு இடம் தேடுகிறவர்கள் மலையையும் வேலியையும் தேட வேண்டாம். தண்ணீர் கையால் இறைக்கக் கிடைக்கிற, தரை மேடான, நெல் விளைகிற, சொந்தமோ பழக்கமோ உள்ள ஊரைத் தேடுங்கள். தேடியபின் அங்கே வாழுங்கள். குழந்தையை அந்த ஊர்ப் பள்ளியில் சேருங்கள். வாங்கிப் பூட்டிவைத்த நிலம் ஊருக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது. விலையை ஏற்றிவிட்டு உள்ளூர்க் குத்தகைக்காரரை வெளியேற்றும், அவ்வளவே.

இதில் அரசின் பங்கு பெரியது. 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் இந்த மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன. நல்ல சட்டம். ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் நிலையிலிருந்த நெல்வயலுக்குள் சுரங்க நிறுவனத்துக்காக மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலத்துக்கு இழப்பீடு கொடுத்தாயிற்று என்பது அறுவடைக்கு முன் அழிக்க நியாயமாகாது. கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் தங்கள் காலடி நீரைக் குடிக்க முடியாமல் பட்ட பாடும் பழைய கதையல்ல. பஞ்சத்தில் புகலாக இருக்க வேண்டிய ஊர்களைச் செழிப்பான காலத்திலேயே குடியிருக்க லாயக்கற்றவையாக்குவதை எந்த வளர்ச்சிக் கணக்கும் ஈடுகட்டாது.

உடனடியாக மூன்று காரியங்கள் ஆக வேண்டும். 2015-லும் 2024-லும் எந்தத் தெருவில் எந்த உயரம் வரை வெள்ளம் நின்றது என்பதை வருவாய்த்துறை அளந்து, மனைப்பிரிவு அனுமதியோடு சேர்த்து வெளியிட வேண்டும். அந்த மட்டத்துக்குக் கீழே அனுமதி கூடாது. வீராணத்தின் தூரை வாரும் பணிக்குக் காலக்கெடு வைக்க வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியும் தெருவுக்கொரு அடிபம்பு ஓடும் நிலையில் இருப்பதை வடகிழக்குப் பருவமழைக்கு முன் உறுதிசெய்ய வேண்டும். மூன்றாவதற்கு ஆட்சியரின் உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று, எங்கள் தெரு பம்பு எத்தனை மாதமாகப் பழுது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் அன்று ஊருக்கு வரட்டும்.